4 வயது மகன் கடிக்கிறான், வகுப்பை விட்டு ஓடுகிறான்: மதிப்பீட்டுக்குப் பதியலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

உட்லண்ட்ஸ்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்குப் போன மாதம் 4 வயது முடிந்தது, இங்கே சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் என்2 வகுப்பு, அதாவது 4 வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வராத வாரமே இல்லை. பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான், கதவு திறந்ததும் படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டான், பாட்டு நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான், இப்படி ஏதாவது ஒன்று. வீட்டில் இவ்வளவு இல்லை. ஆனால் வீட்டில் அவன் அடுக்கி வைத்த ரயிலை யாரும் தொடமாட்டோம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேச்சு வராமல் இல்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் ஆரம்பித்து மரினா சவுத் பியர் வரை சிவப்புப் பாதை ரயில் நிலையங்களை ஒன்று விடாமல் சொல்வான். ஆனால் "பசிக்குதா கண்ணு" என்று கேட்டால் "பசிக்குதா கண்ணு" என்று அதே ராகத்தில் திருப்பிச் சொல்வான். பசி என்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிர்பதனப் பெட்டி முன்னால் நிறுத்துவான்.

மாமியார், "இவன் அப்பனும் 5 வயசு வரைக்கும் இப்படித்தான், ஆம்பளப் பிள்ளை, விடு" என்கிறார். கணவர் என்னிடம் ஒன்று சொல்கிறார், அவர் அம்மாவிடம் வேறு சொல்கிறார். பள்ளித் தலைவர் "ஒரு செக் பண்ணிப் பாருங்கள்" என்றதோடு சரி, எங்கே, எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்) என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அது பிள்ளையோடு காலத்துக்கும் வருமா?

பொங்கோல்வாசி:

என் மகள் இப்போது தொடக்கநிலை 3. இந்தப் பாதையில் நடந்து வந்தவள் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முதலில் பதிந்துவிடுங்கள், யோசனையெல்லாம் அப்புறம். அரசாங்க மருத்துவமனைகளில் முதல் சந்திப்புக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிந்துவிட்டு, அதற்குள் பிள்ளை சரியாகிவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பதிந்தால் அந்தக் காத்திருப்பும் அதற்கு மேல் சேரும். ஈபிக் என்று சொல்கிறோமே, குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டுத் திட்டம், அது பிள்ளை தொடக்கப் பள்ளிக்குப் போகும்வரைதான். உங்களுக்கு இருப்பது கே1, கே2 என்கிற பாலர் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வழி இதுதான். அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் மானியக் கட்டணம். பள்ளிப் பருவத்துக்கு முந்திய பிள்ளைகளை முக்கியமாக இரண்டு இடங்களுக்கு அனுப்புவார்கள்: கேகே மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு. தனியார் என்றால் சீக்கிரம் பார்க்கலாம், ஆனால் முழு மதிப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும்.

ஈசூன்_அப்பா:

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து ஒன்று. 4 வயதுப் பையன் ஓடாமல் என்ன செய்வான்? இப்போதெல்லாம் ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளை அடைத்து, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்கிறார்கள், உட்காராத பிள்ளைக்கு ஏதோ ஒரு கோளாறு என்கிறார்கள். என் மகனையும் இப்படித்தான் ஒரு பாலர் பள்ளியில் சொன்னார்கள். போனைப் பிடுங்கி வைத்தோம், தினமும் மாலை கீழ்த்தள விளையாட்டு இடத்தில் ஓடவிட்டோம், வேறு பள்ளிக்கு மாற்றினோம், இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். எடுத்த எடுப்பில் மருத்துவமனைக்கு ஓடவேண்டுமா? ஒருமுறை பதிவாகிவிட்டால் காப்புறுதிக்காரன் முதல் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

இரவுப்பணித்_தாதி:

ஈசூன் அண்ணா சொல்வதில் பாதி சரி. போன் விஷயத்தில் சுகாதார அமைச்சின் வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது: 18 மாதத்துக்குக் கீழ் திரையே வேண்டாம், அதிலிருந்து 6 வயது வரை பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குள். குறையுங்கள், நல்லதுதான். ஆனால் அவர் மகன் ஓடியதும் உட்லண்ட்ஸ் அக்கா மகன் ஓடுவதும் ஒன்றா என்று இங்கே உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. கேள்வியைத் திருப்பிச் சொல்வது, கையை இழுத்துக்கொண்டு போய் வேண்டியதைக் காட்டுவது, சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் பொறுத்துப் பார்க்கச் சொல்லமாட்டேன். இதுதான் ஆட்டிசம் என்று சொல்லவில்லை. பார்க்கத் தெரிந்தவர் பார்க்கட்டும் என்கிறேன்.

அக்கா, பிள்ளையின் உடல்நலக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வயதுவாரியாக வளர்ச்சிப் பரிசோதனைப் பக்கங்கள் இருக்கும், கடைசிப் பக்கம் 4 முதல் 6 வயதுக்கானது. நிறையப் பேர் ஊசி போடுவதோடு மூடிவைத்துவிடுகிறார்கள். அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு என்று சொல்லியே மருந்தகத்தில் நேரம் வாங்கலாம். ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்கிற 20 கேள்விப் படிவத்தை நினைத்துக் கேட்பீர்கள் என்றால், அது 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். இணையத்தில் தேடி நீங்களே போட்டுப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: காது. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்து, அரைகுறையாகக் கேட்கும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்காத பிள்ளைகளாகத்தான் தெரிவார்கள். இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள சதை வளர்ந்து தூக்கம் கெட்டால், பெரியவர்கள் மாதிரி சோர்ந்து படுக்காமல் பகலெல்லாம் துள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. இரத்தத்தில் இரும்புச் சத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இவன் வெறும் வெள்ளைச் சோறும் பாலும் மட்டும்தான் சாப்பிடுகிறான் என்றால்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

குறட்டை இருக்கிறது. சாப்பாடும் நீங்கள் சொன்னதேதான், தயிர்ச் சோறு, அப்பளம், வேறு எதுவும் தொடமாட்டான். குழம்பு சோற்றில் பட்டால் தட்டு பறக்கும். நன்றி தங்கச்சி, அடுத்த வாரம் மருந்தகத்தில் நேரம் வாங்கிவிட்டேன். அங்கே 10 நிமிடம்தான் தருவார்கள் போல. அதற்குள் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அங்கே அவன் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டால்?

பாலர்_டீச்சர்:

சமர்த்தாகத்தான் உட்காருவான்! புது இடம், மின்விசிறி, எடை பார்க்கும் எந்திரம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். டாக்டரும் "நன்றாகத்தானே இருக்கிறான்" என்பார். அதனால் எழுதிக்கொண்டு போங்கள்.

நான் தமிழாசிரியையாகச் சில பாலர் பள்ளிகளில் வேலை பார்த்தவள், பள்ளிப் பக்கம் இருந்து சொல்கிறேன். "அடம்பிடிக்கிறான்", "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று எழுதினால் டாக்டருக்கு அதில் ஒன்றும் இல்லை. நடப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், அது எவ்வளவு நேரம் நீடித்தது. இதை மட்டும் ஒரு வாரம் போனிலேயே குறித்து வையுங்கள். பள்ளியிலும் அதே மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள், வாயால் சொல்வது போதாது. தலைவர் தயங்கினால், "மருத்துவமனையில் பள்ளி அறிக்கை கேட்பார்கள், அதற்குத்தான்" என்று சொல்லுங்கள். உண்மையாகவே கேட்பார்கள். வீட்டில் மட்டும் இருக்கிறதா, இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்பது அவர்களுக்கு முக்கியம்.

காணொளியும் எடுங்கள், ஆனால் அழும்போது மட்டும் எடுக்காதீர்கள். விளையாடுவதையும் எடுங்கள். ரயிலை அடுக்குவது, கூப்பிட்டால் திரும்புகிறானா, வேறு பிள்ளை பக்கத்தில் வந்தால் என்ன செய்கிறான். அடம்பிடிக்கும்போது எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும், விளையாட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஒரு விஷயம், பள்ளியைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். சில பாலர் பள்ளிகளில் கற்றல் ஆதரவு ஆசிரியர் இருப்பார், லேசான சிரமம் உள்ள கே1, கே2 பிள்ளைகளுக்கு அங்கேயே உதவி நடக்கும். உங்கள் பள்ளியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்காமல் சொல்லமாட்டார்கள்.

தெம்பனீஸ்_தஞ்சாவூர்:

இடையில் புகுந்து கேட்கிறேன், எனக்கும் இதே நிலைமைதான், மகளுக்கு மூன்றரை வயது. நாங்கள் நிரந்தரவாசிகள். மானியம் குறைவு என்று கேள்விப்பட்டோம். சென்னையில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறதே, நிப்மெட், அடுத்த விடுமுறையில் அங்கே மதிப்பீடு செய்துகொண்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம். யாராவது செய்ததுண்டா?

பொங்கோல்வாசி:

என் நாத்தனார் வீட்டில் சென்னையில் ஒரு தனியார் இடத்தில் செய்தார்கள். அறிக்கை வீண் போகவில்லை, இங்குள்ள டாக்டர் வாங்கிப் படித்தார். ஆனால் இங்கே ஈபிக்குக்குப் போகவேண்டும் என்றால் பரிந்துரை இங்குள்ள மருத்துவரிடமிருந்து வரவேண்டும், அதனால் எப்படியும் இந்த வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஊருக்குப் போகும் முன் இங்கே பதிந்துவிட்டுப் போங்கள். மானியம் பற்றிச் சொன்னது சரிதான். குடிமக்கள் பிள்ளைகளுக்கு வருமானம் எதுவானாலும் ஓர் அடிப்படை மானியம், அதற்கு மேல் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கூடுதல். நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்குச் செலவு கூடும். மருத்துவமனையில் செலவு உதவிக்கு வழி சொல்ல மருத்துவ சமூக ஊழியர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்கவேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். குடிமகனாக உள்ள பிள்ளை என்றால் பிள்ளை பேரில் உள்ள சேமிப்பான குழந்தை வளர்ச்சிக் கணக்கில் உள்ள பணத்தையும் அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் இதற்குப் பயன்படுத்தலாம், அது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

உட்லண்ட்ஸ் தங்கச்சிக்கு: முதல் சந்திப்பிலேயே பெயர் எதுவும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு டாக்டர் முதலில் எங்களோடு பேசினார், கர்ப்ப காலத்திலிருந்து கேட்டார், மகளைப் பொம்மைகளோடு விட்டுப் பார்த்தார். செவித்திறன் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் என்று தனித்தனி நாள். ஆட்டிசம் சந்தேகம் என்றால் ஏடிஓஎஸ் என்று ஒரு சோதனை, பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். குமிழி ஊதுவார்கள், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள், பிள்ளை எப்படி அதில் கலந்துகொள்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பெற்றோரிடம் வைன்லேண்ட் என்று ஒரு நீளமான கேள்விப் பட்டியல்: தானாகச் சாப்பிடுகிறதா, சட்டை போடுகிறதா, சாலையில் கையைப் பிடிக்கிறதா. ஏடிஎச்டி என்று 4 வயதுக்குக் கீழ் பொதுவாக முடிவு கட்டமாட்டார்கள், 4, 5 வயதிலும் மாத்திரைக்கு முன் பெற்றோர் பயிற்சிதான் முதல் படி. அதனால் "மருந்து கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள்" என்று மாமியார் பயந்தால் இதைச் சொல்லுங்கள்.

ஈசூன்_அப்பா:

காப்புறுதி பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஆங்மோகியோ_கணக்கர்:

நான் சொல்கிறேன், அந்தத் துறையில் இருப்பவன். மெடிஷீல்டு லைஃப் என்கிற அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி 2015 நவம்பரிலிருந்து எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் ஏற்கெனவே உள்ள நோயோடு சேர்த்தே காக்கிறது, அது போகாது. அதற்கு மேல் தனியார் நிறுவனத்தில் வாங்கும் ஒருங்கிணைந்த திட்டத்தில்தான் சிக்கல் வரலாம், சிலவற்றை விலக்கி வைப்பார்கள், சில நேரம் விண்ணப்பத்தையே ஏற்கமாட்டார்கள். பிள்ளைக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே முகவரிடம் பேசுங்கள். ஆனால் படிவத்தில் அறிகுறி உண்டா, டாக்டரைப் பார்த்தீர்களா, பார்க்கச் சொன்னார்களா என்று கேட்டால் உண்மையைத்தான் எழுதவேண்டும். மறைத்துவிட்டு வாங்கினால் கோரிக்கை வரும் நாளில் மறுத்துவிடுவார்கள், அது இன்னும் மோசம். எதுவானாலும் காப்புறுதிக்காகப் பிள்ளையை மதிப்பீடு செய்யாமல் வைத்திருப்பது கணக்குப்படி பார்த்தாலும் நஷ்டம்தான். மூன்று, நான்கு வயதில் கிடைக்கும் சிகிச்சை நேரம் எட்டு வயதில் கிடைக்காது, தனியாரில் அதை வாங்க ஆகும் செலவு என்ன தெரியுமா?

ஈசூன்_அப்பா:

சரி, இது எனக்குத் தெரியாத விவரம். ஆனாலும் பள்ளியைப் பற்றி நான் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பிள்ளையை மட்டும் சோதிக்கிறார்கள், வகுப்பறையை யார் சோதிப்பது?

பாலர்_டீச்சர்:

அது நியாயமான கேள்விதான் அண்ணா. நல்ல அறிக்கை என்றால் அதிலேயே அது வரும். "பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி உட்காரவைக்கவும், அடுத்து என்ன என்பதைப் படமாகக் காட்டவும்" என்று எழுதியிருந்தால் அது பிள்ளைக்கான மருந்து மட்டுமா, வகுப்பறைக்கும்தான். அப்படி ஓர் அறிக்கை கையில் இருந்தால்தான் பெற்றோர் பள்ளியிடம் உரிமையோடு கேட்க முடிகிறது. இல்லாவிட்டால் "எங்களுக்கு ஆள் போதாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும், அந்தப் பக்கமும் நான் இருந்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

மருந்தகம் போய்வந்தோம். டீச்சர் சொன்ன மாதிரியே சமர்த்தாக உட்கார்ந்தான். ஆனால் குறிப்பைக் கொடுத்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார், காணொளியை இரண்டு முறை பார்த்தார், கேகேவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காதுக்கும் குறட்டைக்கும் தனியாக. குறித்து வைத்ததில் நானே ஒன்றைக் கவனித்தேன். கடிப்பது எல்லாமே ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும் நேரத்தில்தான், விளையாட்டு முடிந்து சாப்பாட்டுக்கு, சாப்பாடு முடிந்து தூக்கத்துக்கு. சும்மா இருக்கும்போது யாரையும் தொடுவதில்லை.

சந்திப்பு வரும்வரை சும்மா இருக்கவேண்டுமா? இன்னொன்று, தோழி ஒருத்தி வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறாள், இரண்டு மொழிதான் குழப்புகிறதாம்.

இரவுப்பணித்_தாதி:

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டிதான் பகல் முழுதும் பார்த்துக்கொள்கிறார் என்றால் பாட்டியின் மொழியை எடுத்துவிட்டால் அவனோடு யார் பேசுவது? ஆனால் மதிப்பீட்டில் தமிழில் என்ன தெரியும், ஆங்கிலத்தில் என்ன தெரியும் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சோதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், தமிழில் மட்டும் தெரிந்த சொற்கள் கணக்கில் வராமல் போய்விடும்.

காத்திருக்கும் நேரத்துக்கு: மாறும் நேரம்தான் பிரச்சினை என்று கண்டுபிடித்துவிட்டீர்களே, அதிலேயே ஆரம்பியுங்கள். படம் ஒட்டுங்கள், சோறு, குளியல், தூக்கம். ரயில் பிடிக்கும் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு நிலையமாக வரையுங்கள், "அடுத்த நிலையம் குளியல்". டிரிபிள் பி என்று குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெற்றோர் பயிற்சி ஒன்று இங்கேயும் நடக்கிறது, குடும்பச் சேவை நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். அதற்குப் பரிந்துரையோ அறிக்கையோ வேண்டாம்.

தெம்பனீஸ்_தஞ்சாவூர்:

தமிழ் பற்றி இன்னொரு கேள்வி. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிப் பாடம் பெரிய சுமையாகிவிடுமே?

பொங்கோல்வாசி:

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம், பள்ளி வழியாகப் போகும், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். நாங்கள் கேட்கவில்லை, மகளுக்குத் தமிழ்ப் பாடம்தான் பிடிக்கிறது, கணக்குதான் உதைக்கிறது! மூன்றரை வயதில் அதைப் பற்றி யோசிக்காதீர்கள். 2019 முதல் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள், சிறப்புப் பள்ளியா வழக்கமான பள்ளியா என்ற கேள்வி கே2 பக்கம் தானாக வரும், அப்போது ஓரளவு புதிய உளவியல் அறிக்கை கேட்பார்கள். தனியாரில் இப்போதே நிறையப் பணம் கொட்டி எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, அப்போது மறுபடி செய்யவேண்டி வந்தால் வயிறெரியும்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

தேதி வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. கணவருக்கு அன்று விடுப்புக் கிடைக்குமா தெரியவில்லை. மாமியார் தானும் வருகிறேன் என்கிறார். "டாக்டரிடம் நான் சொல்கிறேன், ஒன்றும் இல்லை என்று" என்கிறார். கூட்டிப் போவதா வேண்டாமா?

பாலர்_டீச்சர்:

கூட்டிப் போங்கள். பகலில் அவன் எப்படி இருக்கிறான் என்று உங்கள் இரண்டு பேரையும்விட அவருக்குத்தான் தெரியும். ஒன்றும் இல்லை என்று சொல்ல ஆரம்பிப்பார், "சாப்பாடு எப்படி அம்மா" என்று கேட்டால் தயிர்ச் சோற்றுக் கதை முழுவதையும் அவரே சொல்லிவிடுவார். தமிழில் பேச வசதி வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவமனையில் சொல்லிவையுங்கள்.

பொங்கோல்வாசி:

தேதி மதியமாக இருந்தால் காலைக்கு மாற்றிக் கேளுங்கள். அவன் தூங்கும் நேரத்தில் போனால் அன்று அவனிடமிருந்து ஒன்றும் வராது. தயிர்ச் சோறும் இரண்டு ரயிலும் பையில் இருக்கட்டும். கணவருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மீதி இருக்கிறதா என்று பாருங்கள், அதை இதற்கு எடுக்கலாம்.